இரவு இரண்டு மணி, இரண்டு வாய், இரண்டு போத்தல்: பால்மாவைக் கெதியாகவும் பிழையில்லாமலும் கரைப்பது எப்படி?

குளிர்பெட்டி (கிளிநொச்சி), திங்கள் இரவு 9.20

வணக்கம். எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் பொடியள். இன்றைக்கு ஏழு கிழமை. எட்டாம் மாதத்திலேயே பிறந்ததால் நிறை குறைவு: ஒருவன் 1.9 கிலோ, மற்றவன் 2.1. மனைவி தாய்ப்பால் கொடுக்கிறா. ஆனால் இரண்டு பேருக்கும் அது காணாது என்று, ஒவ்வொரு தடவையும் மேலதிகமாக 60 மில்லிலீற்றர் பால்மா கரைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார் டொக்டர்.

பகலில் மாமி நிற்கிறா, சமாளிக்கலாம். இரவுதான் சங்கடம். இரண்டு மணிக்கு ஒருவன் தொடங்குவான், அவன் சத்தத்தில் மற்றவன் எழும்புவான். நான் குசினிக்குள் போய்க் கேத்திலைப் போட்டு, கொதித்து, கொஞ்சம் ஆறி, மா போட்டு, கலக்கி, பிறகு குடிக்கிற பதத்துக்கு ஆறவைத்துக் கொண்டுவர முக்கால் மணித்தியாலம். அதற்குள் பக்கத்து வீட்டு நாயும் எழும்பிவிடும்.

மூன்று யோசனை வந்திருக்கு. மாமி சொல்வது: கொதித்தாறின தண்ணியைப் பின்னேரமே போத்தல்களில் ஊற்றி வை, இரவில் மாவை மட்டும் போட்டுக் குலுக்கு. கூட வேலை செய்கிற பொடியன் சொல்வது: படுக்க முன் எல்லாப் போத்தலையும் கரைத்து மேசையில் வை. லண்டனில் இருக்கிற அக்கா சொல்வது: ஒரு மெஷின் அனுப்புகிறேன், பொத்தானை அமத்தினால் இரண்டு நிமிசத்தில் பால். எது சரி?

பாலைப்பழம் (மாங்குளம்), திங்கள் இரவு 9.41

அண்ணை, மாமி சொல்வதைத்தான் நான் என் இரண்டு பிள்ளைகளுக்கும் செய்தேன். கொதித்தாறின தண்ணி, அதில் மா, ஒரு குலுக்கு, முடிந்தது. பால்மா ரின்னை எடுத்துப் படித்துப் பாருங்கள். கொதிக்கவைத்து இளஞ்சூடாக ஆறவிட்ட தண்ணியில் கரைக்கச் சொல்லித்தான் நான் வாங்கின ரின்னிலும் போட்டிருந்தது. மூத்தவன் இப்போது தரம் ஆறு. ஒரு வயிற்றோட்டமும் வந்ததில்லை. படுக்க முன் கரைத்து வைப்பது மட்டும் வேண்டாம், புளித்துவிடும்.

கடற்கரைக்காற்று (முல்லைத்தீவு), திங்கள் இரவு 10.05

தாய்ப்பால் இருக்கப் பால்மா எதற்கு? எங்கள் அம்மா எட்டுப் பெற்றா. ஒரு சூப்பிப் போத்தல் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை.

பாலைப்பழம், திங்கள் இரவு 10.08

தம்பி, டொக்டர் சொன்னது என்று மேலே தெளிவாக இருக்கு. படித்துவிட்டு எழுதுங்கோ. இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு இந்தக் கதையை ஆஸ்பத்திரியிலும் கிளினிக்கிலும் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டுக் காது மரத்திருக்கும்.

பழைய மிட்வைஃப் (தருமபுரம்), செவ்வாய் காலை 6.15

குளிர்பெட்டித் தம்பி, நான் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர். சைக்கிளில் தொடங்கி ஸ்கூட்டியில் முடித்தவள். உங்கள் மூன்று யோசனையில் இரண்டை இப்போதே கழித்துவிடுங்கள்.

மாமியின் யோசனையில் இருக்கிற ஓட்டை இதுதான். தண்ணியைக் கொதிக்கவைத்தால் தண்ணியில் இருக்கிற கிருமி சாகும். மாவில் இருக்கிற கிருமியை யார் கொல்வது? பால்மா, ரின் புதிதாக உடைத்தாலும், கிருமி நீக்கிய பொருள் இல்லை. தொழிற்சாலையிலேயே குரோனோபாக்டர் என்றொரு கிருமி அதில் சேரலாம், சால்மொனெல்லாவும் சேரலாம். உலர்ந்த மாவுக்குள் அது மாதக்கணக்கில் பேசாமல் கிடக்கும். இளஞ்சூட்டுத் தண்ணி கிடைத்ததும் பெருகும். 2022 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையின் பால்மாவைத் திருப்பி எடுத்ததும் இந்தக் குரோனோபாக்டர் பயத்தில்தான். வருவது அரிது. வந்தால் மூளைக்காய்ச்சல், இரத்தத்தில் கிருமி என்று போகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை, மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை, நிறை குறைந்த பிள்ளை, இவர்களுக்குத்தான் ஆபத்துக் கூட. உங்கள் பொடியள் மூன்று பட்டியலிலும் நிற்கிறார்கள்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட வழிகாட்டியில், மாவைப் போடும்போது தண்ணி 70 பாகை செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்றது. ஒரு லீற்றர் தண்ணியைக் கொதிக்கவைத்து, மூடியபடி, அரை மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் பாவித்தால் அந்தச் சூடு இருக்கும். ஒரு கப் தண்ணியை மட்டும் கொதிக்கவைத்து அரை மணி விட்டால் இருக்காது, சின்ன அளவு கெதியாக ஆறிவிடும்.

பாலைப்பழம் தங்கச்சி சொன்னதும் பொய்யில்லை. சில ரின்களில் 40, 50 பாகை என்றுதான் இருக்கு. சேர்த்திருக்கிற நல்ல பக்டீரியாக்கள் சூட்டில் செத்துவிடும் என்பது கொம்பனிக் கணக்கு. மாதம் நிறைந்து, மூன்று கிலோவில் பிறந்து, ஆறு மாதம் தாண்டின பிள்ளைக்கு நான் அதைப்பற்றிச் சண்டை பிடிக்கமாட்டேன். ஏழு கிழமைப் பிள்ளைக்குப் பிடிப்பேன். ரின்னில் வேறு சூடு போட்டிருந்தால் அதைக் கொண்டுபோய் உங்கள் டொக்டருக்கே காட்டிக் கேளுங்கள்.

மேசையில் கரைத்து வைப்பது பற்றிப் பேச ஒன்றுமில்லை. கரைத்து வெளியே வைத்த பாலுக்கு ஆயுள் இரண்டு மணித்தியாலம். அதுவும் பிள்ளை வாய் வைக்காத பாலுக்கு. வாய் வைத்து மிச்சம் விட்டதை ஊற்றிவிடுங்கள், ரின் விலை நெஞ்சில் குத்தினாலும்.

இன்னொன்று. முதலில் மார்பு, பிறகு போத்தல். அந்த வரிசையை மாற்றினால் சுரப்புக் குறையும். 2016 கணக்கெடுப்பின்படி எங்கள் நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார்கள். மிச்சப் பிள்ளைகளின் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லி அந்தக் கணக்கு எடுக்கவில்லை, கடற்கரைக்காற்று.

கடற்கரைக்காற்று, செவ்வாய் காலை 7.30

சரி அம்மா. அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

குளிர்பெட்டி, செவ்வாய் மதியம் 12.50

நன்றி அம்மா. ஆனால் 70 பாகையில் கரைத்தால் அதைக் குடிக்கிற சூட்டுக்கு இறக்க வேண்டுமே. என் முக்கால் மணித்தியாலத்தில் பாதி அங்கேதான் போகிறது. மெஷின் அதைச் செய்யும் என்கிறா அக்கா. முதலில் கொஞ்சம் கொதிதண்ணி, பிறகு வடிகட்டின குளிர்தண்ணி.

ஈஸ்ட்ஹாம் அன்ரி (லண்டன், ஊர் ஒட்டுசுட்டான்), செவ்வாய் மாலை 6.02

நான் இங்கே பிள்ளைகள் வார்ட்டில் நேர்ஸ். மெஷினை அனுப்ப வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். இங்கே சுவான்சி பல்கலைக்கழகத்தார் பெற்றோரையே வீட்டில் சூட்டை அளக்கவைத்துப் பார்த்தார்கள். மெஷின் வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 85 பேரின் தண்ணி 70 ஐ எட்டவில்லை. கேத்தில் பாவித்தவர்களில் எட்டாதது நூற்றுக்கு 22 பேருக்குத்தான். அந்தக் கொஞ்சக் கொதிதண்ணிக்குள் முழு மாவையும் கொட்டினால் இருக்கிற சூடும் இன்னும் இறங்கிவிடும்.

இங்கே கரைத்த பாலே போத்தலில் வருகிறது, கிருமி நீக்கி அடைத்தது. உடைத்து ஊற்றினால் சரி. ஊருக்கு வந்தபோது அதைக் கடைகளில் நான் காணவில்லை.

போத்தலைத் திறந்து ஓடுகிற குழாய்த் தண்ணிக்குக் கீழே பிடித்தால் ஆறிவிடும். இங்கே இரண்டு நிமிசம்.

பாலைப்பழம், செவ்வாய் மாலை 6.20

அன்ரி, உங்கள் குழாயில் வருவது ஐஸ் தண்ணி. எங்கள் தாங்கித் தண்ணியில் மத்தியானம் தேத்தண்ணியே போடலாம்.

ஈஸ்ட்ஹாம் அன்ரி, செவ்வாய் மாலை 6.31

அது உண்மைதான், மறந்துபோனேன். போத்தலைத் திறந்து என்று எழுதியதும் பிழை. மூடியபடிதான் பிடிக்க வேண்டும், தண்ணி மூடி விளிம்புக்குக் கீழே நிற்க வேண்டும்.

செட்டிகுளத்தான் (வவுனியா), செவ்வாய் இரவு 8.44

எல்லோரும் சூட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். தண்ணி எங்கிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கிணறு, குழாய்க்கிணறு பலவற்றில் புளோரைட் என்ற உப்பு கூட. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது சுண்ணாம்பு, வேறு கதை. புளோரைட்டைக் கண்ணால் காண முடியாது. கொதிக்கவைத்தாலும் போகாது, ஆவியாகிற அளவுக்கு மிச்சத் தண்ணியில் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். நைத்திரேற்றும் அப்படியே. தோட்டக் கிணற்றில் யூரியா உரம் இறங்கினால் அதிலிருந்து வருகிற நைத்திரேற் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவுவதைக் கெடுக்கும், பிள்ளை நீலம் பாயும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற் இருக்கக்கூடாது, 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. பெரியவன் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடித்தாலும் உடம்பு நிறைக்குக் கொஞ்சம்தான். இந்தப் பிள்ளைகளுக்குப் பால்மாவில் போகிறது எல்லாமே அந்தத் தண்ணிதான்.

குழாய்நீரோ, சவ்வால் வடிகட்டி விற்கிற ஆர்.ஓ. தண்ணியோ எடுங்கள். ஆனால் ஆர்.ஓ. கான் தண்ணியையும் கொதிக்கவைக்க வேண்டும். அந்தக் கானை யார், எப்போது கழுவினார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

குளிர்பெட்டி, வியாழன் இரவு 11.15

இரண்டு நாள் பொறுத்துத்தான் எழுதுகிறேன். என் தொழில் பிறிட்ஜ் திருத்துவது. கம்பி நுனியில் அளக்கிற தேமோமீற்றர் பெட்டிக்குள்ளேயே கிடக்கு. இவ்வளவு நாளும் அது நினைவுக்கு வராதது வெட்கம்.

முதலில் பிளாஸ்க். வீட்டில் இரண்டு இருக்கு. கல்யாணத்துக்கு வந்த பழையது ஒன்று, போன வருசம் வாங்கினது ஒன்று. இரண்டையும் முதலில் கொதிதண்ணி விட்டு அலசி ஊற்றிவிட்டு, இரவு பத்து மணிக்குக் கொதிக்கக் கொதிக்க விளிம்பு வரை நிரப்பினேன். இரண்டு மணிக்கு அளந்தால் புதியது 84. பழையது 66! வெளியே தொட்டால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தது. பழையது இனி மாமியின் மல்லித்தண்ணிக்கு.

அடுத்தது நான் எதிர்பாராதது. 84 பாகைத் தண்ணியை 60 மில்லிலீற்றர் அளவுக்குப் போத்தலில் ஊற்றி உடனே அளந்தால் 76. போத்தலின் பிளாஸ்ரிக்கே அவ்வளவு சூட்டைத் தின்கிறது. பெரிய போத்தலில் கொஞ்சத் தண்ணி ஊற்றினால் இன்னும் விழும். ஆகவே பிளாஸ்க்கில் 80 க்குக் கீழே இறங்கியிருந்தால் நான் அதைப் பாவிப்பதில்லை, கேத்திலைப் போடுகிறேன். இந்தக் கணக்கு என் வீட்டுப் போத்தலுக்கு. உங்கள் வீட்டில் அளந்து பாருங்கள்.

பிறகு ஆறவைப்பது. பேசினில் தாங்கித் தண்ணி விட்டுப் போத்தலை மெல்லச் சுழற்றினேன். இரவு இரண்டு மணிக்கும் அந்தத் தண்ணி 29 பாகை. 38 க்கு இறங்க ஒன்பது நிமிசம். அதே பேசினில் ஒரு தட்டு ஐஸ் கட்டியைக் கொட்டினால் நாலு நிமிசம் சொச்சம். ஓடுகிற குழாயைவிட எங்களுக்கு ஐஸ்தான் சரி. போத்தலைப் பேசினில் போட்டுவிட்டுப் போகக்கூடாது, கையில் பிடித்துச் சுழற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெளியோரம் குளிர்ந்து நடு சூடாகவே நிற்கும். பிறகு சுத்தமான துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, மணிக்கட்டின் உட்பக்கத்தில் இரண்டு துளி விட்டுப் பார்த்துக் கொடுக்கிறேன்.

நேற்று இரவு மூத்தவனின் முதல் அழுகையில் இருந்து வாயில் சூப்பி போகும் வரை ஏழு நிமிசம். இரண்டு போத்தலையும் ஒரே பேசினில் சுழற்றலாம், கை இரண்டு இருக்கே.

ஒரு பிழையும் விட்டேன். மாவை அளந்துகொண்டிருக்கும்போது சின்னவன் வீரிட்டான். போட்டது ஒரு கரண்டியா இரண்டா என்று தெரியவில்லை. உற்றுப் பார்த்தேன், மா பாலுக்குள் போனபிறகு எண்ண முடியுமா? ஊற்றிவிட்டுத் திரும்பத் தொடங்கினேன்.

பழைய மிட்வைஃப், வெள்ளி காலை 6.40

ஊற்றினீர்களே, அது சரி. ஊகித்து இன்னொரு கரண்டி போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். கொதிக்கவைத்து நன்றாக உலர்ந்த சின்ன மூடிப் பேணிகளில் பின்னேரமே, வெளிச்சத்தில், ஒருவரும் அழாத நேரத்தில், ஒரு போத்தலுக்குரிய மாவை அளந்து வையுங்கள். இரவில் எண்ணுகிற வேலையே இல்லை. கரண்டி அந்த ரின்னோடு வந்ததாக இருக்க வேண்டும். ஒரு கொம்பனிக் கரண்டி இன்னொன்றுக்குப் பொருந்தாது. பெரும்பாலும் 30 மில்லிலீற்றருக்கு ஒரு கரண்டி, ஆனால் உங்கள் ரின்னில் போட்டிருப்பதுதான் கணக்கு. கத்தியின் முதுகால் மட்டமாக வழிக்கவும். அமத்தி நிரப்பக்கூடாது, குவிக்கவும் கூடாது.

எப்போதும் தண்ணி முதல், மா பிறகு. மாவைப் போட்டுவிட்டு 60 கோடு வரை தண்ணி விட்டால் தண்ணி குறைந்துவிடும், பால் தடித்துவிடும். கோட்டைப் பார்க்கும்போது போத்தலை மேசையில் வைத்து, நீங்கள் குனிந்து பாருங்கள்.

போத்தல், சூப்பி, வளையம், மூடி எல்லாவற்றையும் கழற்றிச் சவர்க்காரம் போட்டுத் தூரிகையால் தேய்த்து, பெரிய சட்டியில் முழுதாக மூழ்கவிட்டுப் பத்து நிமிசம் கொதிக்கவிடுங்கள். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் அந்த இடத்துக்குத் தண்ணி போகாது. இடுக்கியால் எடுத்து, உடனே பூட்டி மூடி வைத்துவிட்டால் உள்ளே ஒன்றும் படாது. சேலைத் தலைப்பால் துடைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். என் அம்மாவும் அப்படித்தான் துடைத்தா, அன்பு கூடினால் தலைப்புத்தான் முதலில் வரும்.

படுத்த பிள்ளைக்குப் போத்தலைத் தலையணையில் சாய்த்துவிட்டுப் போகாதீர்கள். நிமிர்த்திப் பிடித்துக் கொடுத்து, ஏவறை எடுத்துவிட்டுப் படுக்கவையுங்கள். இரட்டை என்றால் இந்த ஆசை எல்லோருக்கும் வரும்.

முல்லை அம்மம்மா (முல்லைத்தீவு), வெள்ளி இரவு 8.10

பேத்திதான் எழுதித் தருகிறா, நான் சொல்லச் சொல்ல.

2009 இல், சண்டையின் கடைசி மாதங்களில், மாத்தளனில் எங்கள் மகளின் பிள்ளைக்கு மூன்று மாதம். மகளுக்குச் சாப்பாடு இல்லை, பால் வற்றிவிட்டது. மணலில் தோண்டின கிடங்குத் தண்ணி, உவர். அதைக் கொதிக்கவைக்க விறகு தேடிப் போவதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான். ஒரு பால்மாப் பைக்கற் கிடைத்தது. நாலு பிள்ளைகளுக்குப் பங்கு. இரண்டு கரண்டி போட வேண்டியதற்கு ஒன்று போட்டோம், பிறகு அரை. பால் நிறம் வந்தால் காணும் என்று நினைத்தோம். பிள்ளை குடித்துவிட்டுப் பேசாமல் கிடந்தது. அழாததைப் பார்த்து வயிறு நிறைந்துவிட்டது என்று இருந்தோம்.

செட்டிகுளம் முகாமுக்குப் போனபிறகு நிறுத்துப் பார்த்தவதான் சொன்னா, இது தண்ணியைத்தான் குடித்திருக்கு, அழச் சக்தி இல்லாமல் கிடந்திருக்கு என்று.

அந்தப் பிள்ளைதான் இதை எழுதுகிறா. உயர்தரம் படிக்கிறா.

பழைய மிட்வைஃப், வெள்ளி இரவு 9.02

அம்மா, அப்போது நீங்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

பிறகும் நான் இதைக் கண்டதால் எழுதுகிறேன். 2022 இல் பால்மா கடையில் இல்லாமலும் விலை ஏறியும் கிடந்தபோது, மாவைக் குறைத்துப் போட்டு ஒரு ரின்னைப் பத்து நாள் இழுத்த வீடுகள் இந்தப் பக்கத்தில் இருந்தன. பிள்ளையின் நிறை அட்டையில் கோடு கீழே விழும்போதுதான் தெரியவரும். தண்ணி கூடினால் நிறை மட்டும் குறைவதில்லை, இரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்பே வரலாம். தடிப்பாகக் கரைத்தால் மறுபக்கம், மலச்சிக்கலும் உடம்பில் தண்ணி வற்றுவதும். காசு முடை என்றால் கரண்டியைக் குறைக்க முன் கிளினிக்கில் வாயைத் திறந்து சொல்லுங்கள். தாய்ப்பாலைத் திரும்பக் கூட்டவும் வழி இருக்கு. முழு ஆடைப் பால்மா, பெரியவர்கள் தேத்தண்ணிக்குப் போடுகிற அங்கர் மாதிரியானவை, ஒரு வயதுக்குக் கீழே பதிலாகாது. சீனியும் தேனும் வேண்டாம்.

நெடுங்கேணித் தம்பி, சனி காலை 10.30

இரண்டு கேள்வி. ஒன்று, யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் பஸ்ஸில் போகும்போது என்ன செய்வது? இரண்டு, இரவு முழுவதற்கும் கரைத்துப் பிறிட்ஜில் வைக்கலாம் என்கிறார்களே?

குளிர்பெட்டி, சனி மதியம் 1.15

பஸ்ஸுக்கு: பிளாஸ்க்கில் கொதிதண்ணி நிரப்பு, பேணியில் அளந்த மா, பூட்டின வெறும் போத்தல். பிள்ளை கேட்கும்போது கரை. வீட்டில் கரைத்துக் கொண்டுபோனால் ஓமந்தை தாண்ட முன்னமே இரண்டு மணித்தியாலம் முடிந்துவிடும்... மன்னிக்கவும், நீங்கள் போவது யாழ்ப்பாணம், ஆனையிறவு என்று வாசிக்கவும். நித்திரை காணாது.

பிறிட்ஜுக்கு: இது என் பாடம். கரைத்து உடனே ஆறவைத்து, 5 பாகைக்குள் வைத்தால் 24 மணித்தியாலம் வரை வைக்கலாம் என்பது விதி. எடுத்தபிறகு சுடுதண்ணியில் கால் மணித்தியாலத்துக்குள் சூடாக்க வேண்டும், மைக்ரோவேவ் வேண்டாம், அங்கங்கே கொதித்து வாயைச் சுடும். ஆனால் எங்கள் வீடுகளின் பிறிட்ஜ் 5 பாகையில் நிற்கிறதா? நான் திருத்தப் போகிற வீடுகளில் கதவுத் தட்டில் வைத்து அளந்தால் 9, 10 என்று காட்டும். கதவு றப்பர் வெடித்திருக்கும், உள்ளே கறிச்சட்டி அடைந்திருக்கும், பிள்ளைகள் நிமிசத்துக்கு ஒருக்கால் திறப்பார்கள். கரண்ட் நின்றால் கேட்கவே வேண்டாம். 2022 பங்குனியில் 13 மணித்தியாலம் வரை வெட்டின நாட்களில் பிறிட்ஜ் வெறும் அலுமாரிதான். வைக்கத்தான் வேண்டும் என்றால் பின்பக்கம், நடுத்தட்டில், தேமோமீற்றர் ஒன்றோடு. நான் வைப்பதில்லை. ஏழு நிமிசத்தில் புதிதாகக் கரைக்கலாம் என்றால் எதற்கு?

பாலைப்பழம், சனி இரவு 7.50

தங்கச்சிக்கு ஆவணியில் பிள்ளை. தேவைப்பட்டால் பிளாஸ்க்கும் ஐஸும்தான் என்று சொல்லிவிட்டேன். தேமோமீற்றர் எங்கே வாங்கலாம் அண்ணை?

குளிர்பெட்டி, மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு காலை 8.05

பாலைப்பழம், பிறிட்ஜ் உதிரிப்பாகம் விற்கிற கடைகளில் கேளுங்கள், கம்பி நுனி உள்ளது வேண்டும் என்று சொல்லுங்கள். பிந்திப் பதில் எழுதுவதற்கு மன்னிக்கவும்.

கிளினிக்கில் நிறுத்தார்கள். மூத்தவன் 4.1, சின்னவன் 3.8. இரண்டு பேரின் கோடும் ஏறுகிறது. இரவில் ஒரு தடவைதான் போத்தல், மற்றது தாய்ப்பாலே காணும் என்கிறார் டொக்டர்.

நாங்கள் வேண்டாம் என்று சொல்ல முன்னமே அக்கா மெஷினை அனுப்பிவிட்டா. அளந்து பார்த்தேன், முதல் கொதிதண்ணி போத்தலுக்குள் 64 ஐத் தாண்டவில்லை. மாமி ஒருநாள் அதில் தேத்தண்ணி போட்டுப் பார்த்தா. சாயம் இறங்கவில்லை என்று திட்டிவிட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டா.